மாடியில் வெண்டை, மேசையில் வாட்டர்லூ

என் மாடியில் எட்டு வளர்பைகள் இருக்கின்றன. உள்ளறை மேசையில் 28 மில்லிமீட்டர் உயர நெப்போலியன் காலத்துப் படைவீரர் பொம்மைகள். இரண்டுக்கும் தனித்தனி நேரம் தேட வேண்டாம். காலையில் வீரர்களின் நீலக் கோட்டுகளுக்கு அடிவண்ணம் பூசுவேன். அது காய்வதற்குள் தண்ணீர் ஊற்றி, வெண்டை இலைகளைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். பூச்சிகள் அடிப்புறத்தில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் சிறுகீரை விதையுங்கள், 25 நாளில் பறிக்கலாம். வெண்டைக்குச் சுமார் 45 நாள். செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும்.

நார்க்கழிவில் ஒரு கைப்பிடியை ஒதுக்கி வையுங்கள். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். வீரனின் காலடித் தட்டில் பசை தடவி, அதைத் தூவி, கவிழ்த்து மெல்லத் தட்டினால் அசல் உழுத நிலம்! ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். என் பன்னிரண்டு வீரர்கள் அப்படித்தான் வெள்ளை பூத்தார்கள்.

காய்த்து ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்கினால் வேரை எறியாதீர்கள். கழுவிக் காயவைத்துத் தலைகீழாக நட்டால் அது கிளைவிட்ட மரம். 1815 ஜூன் 18 அன்று, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில், சண்டை நடந்த உகூமோன் பண்ணையின் பழத்தோட்டத்தை ஏழு கத்தரி வேர்களில் அமைத்திருக்கிறேன்.

தூரிகை கழுவிய தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றவே கூடாது. சில வண்ணங்களில் காட்மியம் உண்டு. கீரை அதை உறிஞ்சிக்கொள்ளும். வீரர்களுக்கு வண்ண ஸ்ப்ரே அடிப்பதையும் தோட்டத்துக்கு எதிர்ப்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.