போர்ட்ஃபோலியோ தளத்தை முதலில் போனில் திறந்து பாருங்கள்

நான் வெப் டிசைனர். போன வருடம், வேலை தருவதாக இருந்த ஒருவர் என்னோடு போனில் பேசிக்கொண்டே, நான் செய்த வேலைகளைக் காட்டும் என் போர்ட்ஃபோலியோ தளத்தைத் திறந்தார். "ஏதோ சுத்திக்கிட்டே இருக்கே சார்" என்றார். முகப்பில் நான் ஆசையாகச் செய்து வைத்திருந்த லோடிங் அனிமேஷன்தான் அது. அது முடிவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, அந்த வேலையும் எனக்கு வரவில்லை. அன்று ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டு, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் என் தளத்தைத் திறந்தேன். எத்தனையோ மாதங்களாக நான் பார்க்காத தளம் ஒன்று அங்கே இருந்தது.

உங்கள் தளத்தைச் சரிசெய்ய உட்காருமுன் இதைச் செய்யுங்கள். முதல் திரையில், விரலால் தள்ளாமலே, நீங்கள் யாருக்கு என்ன செய்து தருகிறீர்கள் என்பது தெரிகிறதா? "வணக்கம், நான் ஒரு க்ரியேட்டிவ் டிசைனர்" என்பதை வைத்துக்கொண்டு வருபவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. நான் அதை எடுத்துவிட்டு, "கிளினிக்குகளுக்கும் சிறு வணிகங்களுக்கும், போனிலேயே வேலை முடிகிற மாதிரி தளங்கள் செய்கிறேன்" என்று எழுதினேன். அதன் கீழே தொடர்புகொள்ள ஒரே ஒரு பட்டன்.

அடுத்து ப்ராஜெக்ட்டுகளைக் குறையுங்கள். என்னிடம் பதினான்கு இருந்தன, இப்போது நான்குதான். எதை எடுப்பது என்று குழம்பினால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதே மாதிரி வேலை நாளைக்கு வந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வேனா? இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். முதன்முதலில் செய்த தளத்தை எடுக்க மனசு வராது. எனக்கும் வரவில்லை, ஆனாலும் எடுத்தேன். எதைக் காட்டுகிறோமோ அந்த வேலைதான் திரும்ப வருகிறது.

இனி அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் என்ன எழுதியிருக்கிறீர்கள்? என் பழைய தளத்தில் ஒரு பல் மருத்துவமனை வேலைக்குக் கீழே இருந்தது இவ்வளவுதான்: "நவீனமான, எளிமையான, அழகிய வடிவமைப்பு." மேலே, சாய்த்து வைத்த லேப்டாப்புக்குள் ஒரு முகப்புப் படம். அதில் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது.

இப்போது அங்கே இருப்பது இது: "பழைய தளத்தில் போன் நம்பர் பக்கத்தின் அடியில் இருந்தது. வரவேற்பில் இருந்தவரிடம் விசாரித்தேன். கூப்பிடுகிறவர்கள் அதிகம் கேட்பது டாக்டர் இன்று எத்தனை மணிவரை இருப்பார் என்பதைத்தான் என்றார். அதனால் அன்றைய நேரத்தையும் அழைக்கும் பட்டனையும் முதல் திரைக்குக் கொண்டுவந்தேன். பதினோரு கட்டங்கள் இருந்த அப்பாயிண்ட்மெண்ட் ஃபார்மை நான்காக்கினேன்: பெயர், போன், தேதி, என்ன தொந்தரவு."

இதைப் படிக்கிற இன்னொரு கிளையண்ட், "இவர் நம்ம ஆட்களிடமும் இப்படி விசாரிப்பார்" என்று நினைப்பார். வேலை தருவதற்கு அவருக்கு வேண்டிய நம்பிக்கை அதுதான். எதைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்றும் ஒரு வரி எழுதுங்கள். கணக்கு கையில் இல்லாமல் "விற்பனை இரண்டு மடங்கு" என்று போடாதீர்கள். மாற்றியதை மட்டும் சொன்னால் போதும். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இன்னும் கிளையண்ட் யாரும் வரவில்லையா? உங்களுக்கே சிரமம் கொடுத்த ஒரு தளத்தை எடுத்து மாற்றிச் செய்யுங்கள், ஆனால் பயிற்சி வேலை என்று மேலேயே எழுதிவிடுங்கள்.

தளம் வெளியான அன்றே முழுப் பக்க ஸ்க்ரீன்ஷாட்டுகளை, போனிலும் கம்ப்யூட்டரிலும், எடுத்து வையுங்கள். கொடுத்த பிறகு கிளையண்ட் தன் இஷ்டத்துக்கு மாற்றுவார், அது அவர் தளம். என் ப்ராஜெக்ட் ஒன்றின் லிங்க், டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) புதுப்பிக்காமல் விட்டதால், ஏதோ விளம்பரப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது எத்தனை நாளாக என்று எனக்கே தெரியாது.

வேகத்தை, கூகுளின் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டுப் பாருங்கள். பெரிய படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் திரை பதில் சொல்ல வேண்டும், திறக்கும்போது பக்கத்தில் உள்ளவை இடம் மாறிக் குதிக்கிற அளவு (அந்தக் கருவியில் CLS) 0.1-ஐத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் குற்றவாளி படங்கள்தான். பிஎன்ஜி (PNG) ஸ்க்ரீன்ஷாட்டுகளை அளவு குறைவான வெப்பி (WebP) அல்லது ஏவிஃப் (AVIF) வடிவத்துக்கு மாற்றுங்கள், படத்தின் அகலம் உயரத்தைத் தளத்தின் கோடில் (code) குறிப்பிடுங்கள். முதல் திரையில் வரும் படத்துக்கு மட்டும் லேஸி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்கும் முறை) போடாதீர்கள், அது தாமதத்தைத்தான் கூட்டும்.

மெல்லிய சாம்பல் எழுத்து நம் துறைக்கே உரிய வியாதி. வெள்ளைமேல் #999999 என்ற சாம்பல் நிறத்தை வைத்தால் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 2.85 தான் வரும். சாதாரண எழுத்துக்கு வேண்டியது 4.5. #767676 வைத்தால் 4.54 கிடைத்துவிடும், கண்ணுக்கும் சாம்பலாகவே இருக்கும். மற்றவர்களுக்குத் தளம் செய்கிறவர் தன் தளத்தையே படிக்க முடியாமல் வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

திறமைகளைச் சதவீதத்தில் காட்டும் பட்டைகளை எடுத்துவிடுங்கள். சிஎஸ்எஸ் (தளத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) 90 சதவீதம் தெரியும் என்றால் என்னவென்று யாருக்கும் புரியாது. லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வெறுமையாக வராமல் இருக்க 1200க்கு 630 பிக்சலில் ஒரு பகிர்வுப் படம் சேருங்கள். தொடர்பு ஃபார்மை மாதம் ஒருமுறை நீங்களே நிரப்பி அனுப்பி, மெயில் வருகிறதா, ஸ்பாமுக்குப் போகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே மெயில் முகவரியையும் எழுதி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், இந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் கழித்து போனை வாங்கிவிட்டு, "நான் என்ன வேலை செய்யறேன்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற வார்த்தைகளை அப்படியே எழுதி, முகப்பில் உள்ள வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் அக்கா சொன்னது நான் எழுதியிருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. இப்போது என் முகப்பில் இருப்பது அக்காவின் வரிதான்.