வந்ததும் சார்ஜா? கொஞ்சம் பொறுங்கள்

சென்னையில் வியாசர்பாடியோ கொளத்தூரோ, மே மாதத்து ராத்திரி பத்து மணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வீடு ஏசி ஓடும், ஃபேன் மெதுவாகும், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அந்த நேரம் பார்த்துத்தான் வந்த கையோடு மின்சார வண்டியை சார்ஜில் போடுகிறோம். முதல் தவறு இதுதான்.

ஒன்றரை டன் ஏசி ஏறக்குறைய 1.5 கிலோவாட் இழுக்கும். 3.3 கிலோவாட் சார்ஜரில் கார் சார்ஜ் ஏறினால் இரண்டு ஏசி கூடுதலாக ஓடுகிற கணக்கு. சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் நாலைந்து. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சோலார் கைகொடுக்கும். பொழுது சாய்ந்தால் சோலார் நின்றுவிடும், ஏசி நிற்காதே!

இத்தனைக்கும் அவசரமே இல்லை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஆறு யூனிட் போதும், 3.3 கிலோவாட்டில் இரண்டு மணி நேர வேலை. வண்டியோ விடியும்வரை சும்மா நிற்கிறது.

சரி, டைமர் வைத்துவிடலாம் என்பீர்கள். நல்லதுதான், ஆனால் அபார்ட்மென்டில் எல்லோரும் நள்ளிரவு 12 மணிக்கே வைத்தால்? டைமர் இல்லாதபோதாவது ஆளுக்கு ஒரு நேரம் வந்து செருகினார்கள். இப்போது எல்லா காரும் ஒரே நொடியில் இழுக்கும். மெயின் பிரேக்கர் விழுந்தால் காலையில் யார் வண்டியும் கிளம்பாது. எப்போது வந்தோம் என்பதை விடுங்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டு வரிசை போடுங்கள். துறைமுகத்தில் ஆறு மணி ஷிஃப்ட் உள்ளவருக்கு 12 மணி, ஒன்பது மணி ஆபீஸ்காரருக்கு மூன்று மணி. இருக்கிற லோடைத் தானே பங்கிட்டுக்கொள்ளும் சார்ஜர்களும் கிடைக்கின்றன; புதிதாக வாங்குவோர் அதையே கேட்டு வாங்கலாம்.

ஈபி கணக்கையும் மறந்துவிடாதீர்கள். தினம் ஆறு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 360. வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபின், அதாவது முதல் யூனிட்டுகளுக்கான கட்டண அடுக்கின், ரேட்டும் ஏறிவிடும். அப்புறம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கார் சார்ஜ் வேண்டவே வேண்டாம். எர்த் உள்ள தனி லைன் இழுங்கள்.

ஈ-ஆட்டோக்காரர்களுக்கு ராத்திரி டைமர் மட்டும் போதாது, பகலெல்லாம் ஓட வேண்டுமே. மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை சவாரி குறைவாக இருந்தால், பக்கத்து சார்ஜிங் ஸ்டேஷனில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சோலார் நன்றாக வரும் நேரமும் அதுதான்.