மனை வாங்க ஆலோசனை கேட்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மனை வாங்கப் போகிறவர்கள் ஆலோசனைக்குக் குறை வைப்பதில்லை. சித்தப்பா, ஆபீஸ் நண்பர், அதே ஏரியாவில் ஏற்கெனவே வாங்கியவர், புரோக்கர் என நாலைந்து பேரிடமாவது கேட்டுவிடுகிறார்கள். அப்படியும் அதிக விலை கொடுத்துவிட்டால், கேட்ட விதத்திலும் வரிசையிலும்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

"40 லட்சம் சொல்றாங்க, வாங்கலாமா?" என்று ஆரம்பிப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அந்த எண் காதில் விழுந்த பிறகு எதிரில் இருப்பவரின் கணக்கு அதைவிட்டு வெகுதூரம் போகாது. உளவியலில் இதற்கு நங்கூர விளைவு என்று பெயர். அனுபவசாலிகளும் தப்புவதில்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இருவர் நடத்தி 1987-ல் வெளியிட்ட ஆய்வில், ரியல் எஸ்டேட் முகவர்களை ஒரே வீட்டுக்கு அழைத்துப்போய் மதிப்பிடச் சொன்னார்கள். விவரத் தாளில் இருந்த கேட்பு விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றியிருந்தார்கள். கூடுதல் விலையைப் பார்த்த முகவர்கள் வீட்டையும் கூடுதலாகவே மதிப்பிட்டார்கள். அந்த விலையைத் தாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள்.

ஆகவே விலையைச் சொல்லாமல் கேளுங்கள்: "இந்தத் தெருவில் 1,200 சதுரடி மனை இப்போது என்ன விலைக்குக் கைமாறும்?" அதற்கும் முன்னால் உங்கள் மதிப்பீட்டைத் தாளில் எழுதிவிடுங்கள். பக்கத்து மனைகளின் சமீபத்திய கிரயத் தொகையை விசாரியுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான அடிப்படை, சந்தை விலையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேள்வியைப் போடாதீர்கள். முதலில் பதில் போடுபவர் பெரியவராக இருந்தால் மற்றவர்கள் அதை ஒட்டியே பேசுவார்கள். ஐந்து பதில் வந்தாலும் கையில் இருப்பது ஒரே கருத்துதான். 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்த 787 சீட்டுகளின் நடுமதிப்பு, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண், 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிப் போட்டதால்தான் ஒருவர் கூட்டிச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொன்னது ஈடுகட்டியது. நீங்களும் ஒவ்வொருவருக்கும் தனியாக போன் செய்யுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள்.

கேட்டு முடித்ததும் அடுத்த தவறு காத்திருக்கிறது. இலன் யானிவ் போன்ற உளவியல் ஆய்வாளர்களின் ஆய்வுகளில், மக்கள் தம் சொந்த ஊகத்துக்கு ஏறத்தாழ 70 சதவீத முக்கியத்துவம் கொடுத்து, ஆலோசனையை 30 சதவீத அளவுக்கே ஏற்றார்கள். நம் முடிவுக்கான காரணங்கள் நமக்குத் தெரியும், அடுத்தவருடைய காரணங்கள் தெரியாது என்பது இதற்கு ஒரு விளக்கம். எண்ணோடு நிறுத்தாமல் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பது அதனால்தான் முக்கியம். நீங்கள் 28 லட்சம் எழுதியிருந்து, விவரம் தெரிந்த இருவர் 34, 37 என்றால், சராசரி 33 லட்சத்தில் பேரத்துக்கு எல்லை வையுங்கள். மூவரில் யார் சரி என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைவிட இது பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமாக வரும்.

இந்தச் சராசரியில் புரோக்கரின் எண்ணைச் சேர்க்காதீர்கள். விலை ஏறினால் அவருக்குக் கமிஷனும் ஏறும். "என் கமிஷனையும் சேர்த்து வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன்" என்றாலும் தளர்ந்துவிடக் கூடாது. டெய்லியன் கெய்ன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தம் ஆதாயத்தை வெளிப்படையாகச் சொன்ன ஆலோசகர்கள் இன்னும் அதிகமாகவே கூட்டிச் சொன்னார்கள். கேட்டவர்கள் அதற்கு ஏற்ற அளவு கழிக்கவில்லை. புரோக்கரிடம் சரிபார்க்கக்கூடிய தகவலை மட்டும் வாங்குங்கள்: மனை எத்தனை மாதமாக விற்காமல் இருக்கிறது, விற்பவருக்கு என்ன அவசரம், எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சராசரி எல்லாம் விலைக்கு மட்டும்தான். பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிறது என்று வழக்கறிஞர் சொன்னால், "பரவாயில்லை" என்று பத்து உறவினர்கள் சொல்வதற்கு மதிப்பில்லை. வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள்தான் வரும். பதியாத உயிலோ வாரிசுகளின் உரிமைக் கோரிக்கையோ அதில் தெரியாமல் போகலாம். மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால், "வேண்டாம்" என்ற பதிலைக் கேட்க நமக்கே மனம் வராது.