சுமத்ரா ஸ்குவால் வருமுன் பாயைக் குறைப்பது

சிங்கப்பூர்க் கடலில் பல நாள் காற்று மெல்லியது. அதனாலேயே பாய்மரப் படகின் மெயின் பாயை (பெரிய பாயை) ரீஃப் செய்யும், அதாவது மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைக்கும், பழக்கம் கைவிட்டுப் போகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரை, மேற்கிலிருந்து சுமத்ரா ஸ்குவால் என்ற திடீர்ப் பலத்த காற்று இடிமழையோடு வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்கு.

புறப்படுமுன் மைஎன்வி செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். மேற்கில் கருமேகம் நீண்ட சுவர்போல எழுந்ததுமே வேலையைத் தொடங்குங்கள். குளிர்காற்று முகத்தில் பட்டபின் தொடங்கினால் பிந்திவிட்டது. தென்தீவுகளுக்குத் தெற்கே கப்பல் தடம் இருக்கிறது. அதில் வரும் பெரிய கப்பல்களுக்கு இடைஞ்சலாகக் கூடாது என்பது விதி. ஆகவே குசு, செயின்ட் ஜான்ஸ் தீவுகள் பக்கம் இருந்தால் நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்பதையும் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, மாஸ்ட் (பாய்மரம்) பக்கம் போகிறவர் படகோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸை மாட்டிய பிறகே பாயில் கை வையுங்கள். தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்துவிட்டு எஞ்சினைத் தயாராக வையுங்கள்.

காற்று முன்பக்கத்திலிருந்து 50, 60 டிகிரியில் வரும்படி படகைப் பிடியுங்கள். மெயின் ஷீட்டையும் (மெயின் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு), பூமை (பாயின் அடியில் உள்ள கிடைக்கட்டை) கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் அமைப்பையும் தளர்த்துங்கள், பாய் படபடக்கட்டும். பூமைத் தாங்கும் டாப்பிங் லிஃப்ட் கயிற்றை இறுக்க மறந்தால், பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஹேல்யார்டைத் தளர்த்தியதும் பூம் சரிந்து காக்பிட்டில் இருப்பவர் தலையில் விழும். (நம் மீனவர்கள் ஹேல்யார்டை ஆஞ்சான் என்பார்கள், ஷீட்டைத் தாமான் என்பார்கள். மெரினாவில் அந்தச் சொற்கள் காதில் விழுவதில்லை.)

இனி வரிசை முக்கியம். ஹேல்யார்டைக் குறியிட்ட இடம்வரை இறக்கி, முன்விளிம்பின் ரீஃப் வளையத்தைக் கொக்கியில் மாட்டுங்கள். பாயின் முன்விளிம்பில் நெடுக்கு மடிப்பு தெரியும்வரை ஹேல்யார்டை மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகே பின்முனை ரீஃப் கயிற்றை வின்ச்சில் (கயிறு இழுக்கும் சுழல் உருளை) இழுத்து, வளையம் பூமோடு ஒட்டும்படி செய்யுங்கள். பின்முனையை முதலில் இழுத்தால் முன்விளிம்பு விறைப்பாகாது. பாய் பைபோல உப்பி, படகு இன்னும் சாயும். ஷீட்டைத் தளர்த்தாமல் வின்ச்சைச் சுற்றுவது இன்னும் மோசம், துணியே கிழியும். கடைசியாக டாப்பிங் லிஃப்ட்டை விட்டு, ஷீட்டை இழுங்கள்.

வின்ச்சில் கயிறு கடிகாரத் திசையில் சுற்றும். தளர்ந்த கயிற்றுக்கு 2 சுற்று, சுமை ஏறியதும் 3 அல்லது 4. விரல்களை டிரம்மிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். விடும்போது உள்ளங்கையால் சுற்றுகளை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிச் சிக்கினால் விரலால் நோண்டாதீர்கள். இன்னொரு கயிற்றைச் சுமை தாங்கும் கயிற்றில் ரோலிங் ஹிட்ச் என்ற முடிச்சுப் போட்டுக் கட்டி, அதை வேறு வின்ச்சில் இழுத்தால் சுமை இறங்கும், சிக்கு தானே அவிழும்.

முன்பாயான ஜிப்பைச் சுருட்ட எளிய வழி, காற்றைப் பின்னால் வாங்கி மெயின் பாயின் மறைவில் அதை வைப்பது. ஷீட்டைப் படபடக்க விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே ஃபர்லிங் கயிற்றை (ஜிப்பைச் சுருட்டும் கயிறு) இழுங்கள். கையால் வரவில்லை என்றால் வின்ச்சில் போட்டு இழுக்காதீர்கள். பெரும்பாலும் மாஸ்ட் உச்சியில் ஒரு ஹேல்யார்ட் சுற்றிக்கொண்டிருக்கும்; இழுக்க இழுக்க, ஜிப்பைத் தாங்கும் ஃபாயில் தண்டு வளையும்.

ஸ்குவால் ஓய்ந்து ரீஃபை அவிழ்க்கும்போது, பாயின் நடுவில் கட்டிய சிறு கயிறுகளைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். அவை மிச்சத் துணியைச் சுருட்டி வைக்க மட்டுமே. ஒன்றை மறந்து ஹேல்யார்டை ஏற்றினால், சுமை முழுதும் அந்தக் கயிறு கோத்த ஒரு துளையில் விழுந்து பாய் அங்கேயே கிழியும்.