சில்லர் வாங்கும் முன் ஒரு தடவை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சில்லர் வேலை பார்க்கிறேன், பெரிய கட்டடத்து ஏசிக்காகத் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின் அது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் ஆட்கள் யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "அண்ணா, இப்போ எந்த கேஸ் நல்லது?" என்பதுதான். மெஷினுக்குள் சுற்றிக் குளிர் தரும் கேஸைத்தான் கேட்கிறார்கள். மெஷின் எங்கே உட்காரப்போகிறது, எந்த வழியாக மேலே போகும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் கேஸைப் பேசுவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற கதை.

அதனால் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். கேட்லாக்கில் போட்டிருக்கும் நீளம், அகலம் மெஷினுடையது மட்டும்தான். சூட்டை வெளியே விடும் காயிலுக்குக் காற்று வர இடம், விசிறி கக்கும் சூடு மேலே போக இடம், கம்ப்ரசரைக் கழற்ற ஆள் நிற்க இடம், ஷெல் அண்ட் டியூப் (உருளைக்குள் குழாய்க் கட்டு வைத்த வகை) என்றால் டியூபை உருவ ஏறக்குறைய மெஷின் நீளத்துக்கே இன்னொரு இடம், இதெல்லாம் சேர்ந்ததுதான் அதன் உண்மையான அளவு. கடற்கரையோரம் ஒரு கட்டடத்தில் சின்ன மெஷின்தானே என்று கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்துவிட்டோம். வெளியே 31 டிகிரி, காயில் முகத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்தால் 39. தான் வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது! மதியம் இரண்டு மணியானால் உள்ளே அழுத்தம் ஏறி மெஷின் தானாக நின்றுவிடும், ஹை பிரஷர் ட்ரிப். மூன்று வாரம் கேஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், சுவரை உடைத்து ஜாலி (காற்று போகும் ஓட்டைத் தடுப்பு) வைத்த பிறகுதான் அடங்கியது.

அடுத்தது காயில். மெஷினை ஒல்லியாக்குவதில் மைக்ரோசேனல் (நுண்ணிய துளைகள் கொண்ட தட்டைக் குழாய்) அலுமினிய காயிலுக்குப் பெரிய பங்கு உண்டு, எடையும் குறைவு, கேஸும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் டர்பன் பக்கத்துக் கடற்கரை ஊரான உம்ஹ்லாங்கா மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் பூச்சு இல்லாமல் வாங்காதீர்கள். உப்பு தின்ற ஃபின்னை (காயிலின் மெல்லிய தகடு) விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். எபாக்ஸி பூச்சு போட்டுத்தான் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும், இங்கே வந்தபிறகு ஸ்ப்ரே அடிப்பது உள்ளே வரை போகாது.

ஜோகன்னஸ்பர்க் என்றால் உப்பு இல்லை, உயரம் இருக்கிறது. 1,750 மீட்டர் வாக்கில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு, அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் கொண்டுபோகும் சூடு குறையும். கேட்லாக்கில் உள்ள கிலோவாட்டை நம்பாமல், அந்த உயரத்துக்கும் உங்கள் ஊர் வெயிலுக்கும் கணக்குப் போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் மெஷினும் வாங்கவேண்டாம்.

சரி, இப்போது கேஸ். ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குக் கிகாலி திருத்தம் 2016-இல் வந்தது, தென்னாப்பிரிக்கா 2019-இல் ஏற்றுக்கொண்டது. ஆர்-134ஏ போன்ற ஹெச்எஃப்சி கேஸ்களின் அளவு 2024-இல் அதற்கு மேல் ஏறாதபடி உறைந்தது, 2029-இல் 10 சதவீதமும் 2035-இல் 30 சதவீதமும் குறையவேண்டும். சில்லர் இருபது வருடம் ஓடும் பொருள். இன்று ஆர்-134ஏ மெஷின் வாங்கினால், அதன் நடுவயதில் கேஸ் விலை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். கரியமில வாயுவுக்கு 1 என்றால், ஆர்-134ஏயின் புவி வெப்பமாக்கும் திறன் 1,430. 100 கிலோ கசிந்தால் 143 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-513ஏ அதில் பாதிக்கும் குறைவு, தீப்பிடிக்காது, ஆர்-134ஏ போலவே நடந்துகொள்ளும், அதனால் பேஸ்மென்ட் மெஷின் ரூமுக்கு நான் பெரும்பாலும் இதையே சொல்கிறேன். ஆர்-1234இசட்இயின் திறன் ஒற்றை இலக்கம்தான், ஆனால் ஒரே அளவு கம்ப்ரசரில் ஏறக்குறைய கால் பங்கு குளிர்ச்சி குறையும், ஆக அதே குளிர்ச்சிக்குப் பெரிய கம்ப்ரசர், பெரிய குழாய். சின்ன மெஷினும் வேண்டும் மிகக் குறைந்த எண்ணும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து வருவது கடினம். ஸ்க்ரோல் வகைக் கம்ப்ரசர் வைத்த, ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் சின்ன மாடுலர் சில்லருக்கு ஆர்-32 (திறன் 675) பொருந்தும், அடக்கமாக வரும். ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும் வகை, கம்ப்ரசரை விட்டு வரும் கேஸின் சூடும் அதிகம். மாடியில் வையுங்கள். உள்ளே வைத்தே ஆகவேண்டும் என்றால் கசிவு டிடெக்டரும் காற்றோட்டமும் தென்னாப்பிரிக்கத் தரவிதி சான்ஸ் 10147 சொல்கிறபடி இருக்கட்டும். பழைய ஆர்-22 மெஷினில் ஆர்-410ஏ அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஆளை வாசலோடு அனுப்புங்கள். அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், மெஷினின் பாத்திரம் தாங்காது.

கச்சிதமான மெஷினில் எவாப்பரேட்டர் (தண்ணீரைக் குளிரவைக்கும் பகுதி) பெரும்பாலும் பிளேட் வகையாக இருக்கும். பிளேட்டுக்கு நடுவே இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர், வெல்டிங் சிறு துண்டு ஒன்று போதும் அடைக்க. தண்ணீர் உள்ளே போகும் பக்கம் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது. அப்புறம், மெஷினுக்குள் தண்ணீர் கொஞ்சம்தான் நிற்கும், பைப்பும் குட்டையாக இருந்தால் கம்ப்ரசர் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நிற்கும். கிலோவாட்டுக்கு 3 லிட்டராவது சுற்றில் இருக்கவேண்டும், 300 கிலோவாட் சில்லருக்கு 900 லிட்டர். பற்றாததை பஃபர் டேங்க் வைத்து நிரப்புங்கள். அந்த டேங்குக்கும் மாடியில் இடம் வேண்டும், டேப்பில் அதையும் சேர்த்து அளந்தீர்களா?

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் நாட்களில் கற்றது ஒன்று உண்டு. சில்லர் ஜெனரேட்டரில் ஓடவேண்டும் என்றால் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் ஆம்பியரைக் கேளுங்கள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் டிரைவ் உள்ளது மெதுவாக ஏறும், நேரடி ஸ்டார்ட் கம்ப்ரசருக்காக ஜெனரேட்டரைப் பெரிதாக வாங்கவேண்டி வரும்.

கேஸ் கையாளுகிறவரிடம் சாக்-கேஸ் (கேஸ் வேலை செய்கிறவர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க அமைப்பு) பதிவு அட்டை இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்படாதீர்கள். என்னிடமும் கேட்பார்கள், பர்ஸில்தான் வைத்திருக்கிறேன்.