144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் 60லயே ஓடுதா?

ஹெர்ட்ஸ்னா ஸ்கிரீன் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ படத்த புதுசாக்குதுங்கிற கணக்கு. பெட்டில 144 ஹெர்ட்ஸ்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கும், ஆனா மாட்டினதும் விண்டோஸ் பல நேரம் 60லதான் ஓட்டும், நாமளா போய் மாத்தணும். இது தெரியாம நான் எட்டு மாசம் 60லயே கேம் ஆடிட்டு "மச்சி வெண்ண மாதிரி ஓடுதுடா"ன்னு வீட்டுக்கு வர்றவன்கிட்டல்லாம் பீத்திட்டு இருந்தேன், அந்தக் கத வேணாம் விடுங்க.

விண்டோஸ் 11ல டெஸ்க்டாப்புல ரைட் கிளிக் பண்ணி டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதுல கீழ அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, அங்க ரெஃப்ரெஷ் ரேட்ல 144 இருந்தா போட்டுடுங்க. வேல முடிஞ்சுது.

அங்க 144 இல்லயா, உடனே கிராஃபிக்ஸ் டிரைவர அழிச்சு திரும்ப போட ஆரம்பிக்காதீங்க, முதல்ல எழுந்து சிபியூ பின்னாடி பாருங்க. கேபிள் கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கா, இல்ல மேல மதர்போர்டு போர்ட்டுல சொருகி இருக்கா? மதர்போர்டுல இருந்தா கார்டுக்கு மாத்துங்க, பாதி பேர் சிக்கிக்கிறது இங்கதான். அடுத்து எந்தக் கேபிள்னு பாருங்க. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தா 1080பி (1920x1080), 1440பி (2560x1440) ரெண்டு ரெசல்யூஷன்லயும் 144 தாராளமா வரும். எச்டிஎம்ஐ 2.0வும் அப்படித்தான், ஆனா பழைய 1.4 போர்ட்டுன்னா 1440பில 75 பக்கமே நின்னுடும். விஜிஏ கன்வெர்ட்டர் போட்டிருந்தா கழட்டிடுங்க, அதுல 144 கனவுலயும் வராது. சில மானிட்டர்ல அதோட சொந்த மெனுக்குள்ள போய் டிஸ்ப்ளேபோர்ட் வெர்ஷன 1.1ல இருந்து 1.2க்கு மாத்தணும், இல்ல மானிட்டர கூடுதல் வேகத்துல ஓட்டுற ஓவர்கிளாக்னு ஒன்னு ஆஃப்ல இருக்கும், அத ஆன் பண்ணணும்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுன்னா அதோட கண்ட்ரோல் பேனல்ல இன்னொரு கூத்து இருக்கு, 1920x1080 ரெண்டு எடத்துல வரும், மேல டிவிக்கான லிஸ்ட்ல ஒன்னு, கீழ PCன்னு போட்ட லிஸ்ட்ல ஒன்னு, மேல இருக்கிறத எடுத்தா 60லயே நிக்கலாம், அதனால கீழ இருக்கிறத எடுங்க.

சரி, நம்மகிட்ட இருக்கிறதே சாதா 60 ஹெர்ட்ஸ்னா? கொஞ்சம் ஏத்திப் பாக்கலாம். அதே என்விடியா கண்ட்ரோல் பேனல்ல கஸ்டமைஸ் போய் கஸ்டம் ரெசல்யூஷன்ல ரெஃப்ரெஷ் ரேட்ட 65, 70, 75னு படிப்படியா போடுங்க, டெஸ்ட் கொடுத்தப்ப ஸ்கிரீன் கருப்பாச்சுன்னா பதறாதீங்க, கீபோர்ட தொடாம கொஞ்ச நேரம் இருந்தா பழைய மாதிரி தானா வந்துடும். எல்லா மானிட்டரும் தாங்காது, கோடு கோடா வந்தா எறக்கிடுங்க. இது மானிட்டரப் பொறுத்த அதிர்ஷ்டம், ஒரே மாடல்லயே ஒன்னு 75 போகும் இன்னொன்னு 68ல மூச்சு வாங்கும். 60ல ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு படம், 16.7 மில்லிசெகண்டு நிக்கும், 75ல 13.3, மவுச ஆட்டினாலே வித்தியாசம் தெரியும், ஆனா 144ல 6.9, அந்த சொகம் இதுல கெடைக்காது.

ஏத்தினது நெசமாவே ஏறிச்சான்னு பாக்கணும், ஏன்னா சில மானிட்டர் 75னு சொல்லிட்டு நடுவுல ஃப்ரேம முழுங்கிடும். டெஸ்ட்யூஎஃப்ஓ சைட்ல ஃப்ரேம் ஸ்கிப்பிங் டெஸ்ட ஓட விட்டு, ஃபோன் கேமரா ப்ரோ மோடுல ஷட்டர 1/10 செகண்டு வெச்சு ஒரு ஃபோட்டோ எடுங்க. வெள்ளக் கட்டம் இடைவெளி இல்லாம வரிசையா விழுந்திருந்தா ஓகே. நடுவுல ஓட்ட தெரிஞ்சா ஒவ்வொரு ஹெர்ட்ஸா எறக்கி திரும்ப எடுங்க, என்னோட பழைய மானிட்டர் 71லதான் ஒழுங்கா நின்னுச்சு.