அத்தனை டெஸ்டும் ஃபெயில், ஆனாலும் மேக் நிற்கவில்லை

சி மொழியில் எனக்கென்று ஒரு சின்ன யூனிட் டெஸ்ட் கருவி (நிரலின் சின்னச் சின்னப் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிப்பது) எழுதியிருந்தேன். ஒரு ஹெடர் ஃபைல், ஒரு மேக்ரோ, ஃபெயில் ஆனவற்றை எண்ண ஒரு கவுண்டர், அவ்வளவுதான். மெயின் ஃபங்ஷன் கடைசியில் அந்த எண்ணிக்கையையே ரிட்டர்ன் செய்யும். அதை ஓட்டுவது மேக் (make), கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கருவி. ஒரு கட்டளை 0 அல்லாத எண்ணைத் திருப்பினால் அது தோல்வி என்று மேக் நின்றுவிட வேண்டும்.

போன வாரம் ஒரு பைட் அட்டவணையை 0 முதல் 255 வரை லூப்பில் சோதித்தேன். திரை முழுக்க 'ஃபெயில்'. மேக் மட்டும் எதுவும் நடக்காததுபோல அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

முதலில் மேக்ரோவைச் சந்தேகித்து அதை மாற்றி எழுதினேன். அப்புறம் மேக்குக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் கட்டளைக்கு முன்னால் ஹைஃபன் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் மேக் பிழையைக் கண்டுகொள்ளாது. அதுவும் இல்லை. இரண்டு நாள் போனது.

லூப்பை 254 வரை குறைத்ததும் மேக் சரியாக நின்றது! அங்கேதான் பிடி கிடைத்தது. லினக்ஸில் எக்ஸிட் கோடின் (மெயின் ரிட்டர்ன் செய்யும் எண்ணின்) கடைசி 8 பிட் மட்டுமே மேக்கின் கைக்குப் போகும். 8 பிட்டில் அடங்கும் பெரிய எண் 255, அது அப்படியே போகும். 256 போனால் 0, அதாவது வெற்றி. என் லூப்பில் ஃபெயில் ஆனவை, 0-வையும் சேர்த்து, சரியாக 256.

எண்ணிக்கையைத் திரையில் அச்சிட்டுவிட்டு, ஒன்றாவது ஃபெயில் ஆனால் 1, இல்லையென்றால் 0 என்று மாற்றினேன். முழு லூப்பையும் மறுபடி ஓட்டினேன். மேக் உடனே நின்றது. அப்பாடா!